சைக்கிள் பந்தயத்தில் ஊக்கமருந்து: முதல் தடவையே ஆயுள் தடை போட்டால் தீர்ந்துவிடுமா?

கேள்வி இதுதான்: தொழில்முறை சைக்கிள் பந்தயத்தில் ஊக்கமருந்து எடுத்துப் பிடிபடுகிறவருக்கு முதல் தடவையே ஆயுள் தடை போட்டுவிட்டால் என்ன? இரண்டு வருடம், நான்கு வருடம் என்று தள்ளிவைத்துவிட்டுத் திரும்பவும் சேர்த்துக்கொள்வதால்தானே யாருக்கும் பயமில்லை?

கேட்பதில் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரான்ஸில் மூன்று வாரம், நாளுக்கொரு கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், 2006இல், 16ஆம் கட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பின்தங்கி நொறுங்கிப்போன ஃப்ளாய்ட் லாண்டிஸ், மறுநாள் மலை மலையாகத் தனியே தாண்டி வந்து ஜெயித்தார். எழுந்து நின்று கைதட்டினேன். சில நாட்களிலேயே, அன்று அவரிடம் எடுத்த சிறுநீரில் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருந்ததாகச் செய்தி வந்தது. அந்த வாரம் என்னைக் கேட்டிருந்தால், இந்த ஆளை இனி சைக்கிள் பக்கமே விடக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதே லாண்டிஸ்தான் 2010இல் வாயைத் திறந்து ஏழு முறை டூரை ஜெயித்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்துக் கதை வெளியே வர வழிசெய்தார். அதற்குப் பிறகு என் எண்ணம் மெல்ல மாறியது. ஏன் மாறியது என்பதைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

முதலில் ஒரு காட்சி. 2004 டூரின் 18ஆம் கட்டம். பட்டத்துக்கான போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது, முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி ஆர்ம்ஸ்ட்ராங் மேல். முன்னே ஆறு பேர் பிரிந்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மொத்தப் பட்டியலில் எங்கோ பின்னால் கிடந்த ஃபிலிப்போ சிமியோனி என்ற இத்தாலியர் அவர்களோடு சேர்ந்துகொள்ளக் கூட்டத்திலிருந்து பாய்கிறார். அவரால் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஒரு நொடிகூட நஷ்டமில்லை. ஆனாலும் மஞ்சள் ஜெர்சிக்காரரே துரத்திப் போய் அவர் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொள்கிறார். பட்டத்தில் முதலிடத்தில் இருப்பவர் வந்துவிட்டால் பின்னால் வரும் பெரிய அணிகள் அந்தக் குழுவைத் தப்பவிடாது. ஆறு பேரும் ஆர்ம்ஸ்ட்ராங்கைத் திரும்பிப் போகச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். சிமியோனியும் திரும்பினால்தான் நானும் போவேன் என்கிறார் அவர். சிமியோனி வேகத்தைக் குறைக்கிறார். இருவரும் பெரிய கூட்டத்துக்குள் திரும்பியதும் மற்ற வீரர்கள் சிமியோனியைத்தான் திட்டுகிறார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் கேமராவைப் பார்த்து, உதட்டில் ஜிப் இழுப்பது போலக் கையை ஓட்டிக் காட்டுகிறார்.

சிமியோனி செய்த குற்றம் என்ன? மிக்கேலே ஃபெராரி என்ற மருத்துவர் தனக்கு ஊக்கமருந்து வழி சொல்லிக்கொடுத்தார் என்று இத்தாலிய நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஃபெராரி அப்போது ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆலோசகர். சிமியோனி ஒன்றும் புனிதர் இல்லை, தானே மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு தடையும் அனுபவித்தவர். உண்மை சொன்னதற்கு அன்றைக்கே, அதே சாலையில், எல்லார் கண் முன்னாலும் தண்டனை கிடைத்தது. ஏமாற்றியவருக்குத் தண்டனை வர 2012 அக்டோபர் ஆனது. எட்டு வருடம்.

இந்த விளையாட்டில் உண்மையாகவே மிரட்டி அடக்கிய தண்டனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அதன் பலம் கடுமையில் இல்லை. வாயைத் திறந்தால் அது நிச்சயமாக வரும், உடனே வரும். சைக்கிள் ஓட்டச் சங்கம் கொடுக்கும் தண்டனையில் அந்த இரண்டும் இல்லை. ஆயுள் தடை அதன் கடுமையை மட்டும்தான் கூட்டும்.

கடுமை எவ்வளவு தூரம் தடுக்கும் என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாறே சாட்சி. 1967 ஜூலை 13ஆம் தேதி மோன் வான்டூ மலையேற்றத்தில், கொளுத்தும் வெயிலில், டாம் சிம்ப்சன் சைக்கிளிலிருந்து சாய்ந்து விழுந்து இறந்தார். உடம்பில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து, ஜெர்சிப் பையில் அதன் குப்பிகள். அதைக் கண்ணால் கண்ட தலைமுறை ஆம்ஃபெட்டமினை விட்டுவிடவில்லை. 2011 பிப்ரவரியில் ரிக்கார்டோ ரிக்கோ என்ற இத்தாலியர் உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். சிவப்பணுவைக் கூட்டுவதற்காக, 25 நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்த தன் ரத்தத்தைத் தானே ஏற்றிக்கொண்டதாக அங்கிருந்த மருத்துவரிடம் சொன்னதாகத் தெரிந்தது. ஏற்கெனவே 2008இல் பிடிபட்டுத் தடை முடிந்து திரும்பி வந்திருந்தவர் அவர். செத்துப்போவோம் என்ற பயமே கையைப் பிடித்து நிறுத்தாத இடத்தில், வேலை போய்விடும் என்ற பயம் நிறுத்தும் என்று எப்படி நம்புவது? ஒவ்வொருவரும், பிடிபடுவது வேறு யாரோ என்றுதான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் உடைக்க வேண்டும்.

சரி, இப்போதுள்ள விதி என்ன? உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் விதித்தொகுப்புதான் சைக்கிள் பந்தயத்துக்கும் அடிப்படை. வேண்டுமென்றே எடுத்ததாக முடிவானால் முதல் குற்றத்துக்கே நான்கு வருடம். 2015க்கு முன்பு இது இரண்டு வருடமாக இருந்தது. தொழில்முறை வீரரின் நல்ல காலம் மொத்தமே பத்துப் பன்னிரண்டு வருடம்தான். 28 வயதில் நான்கு வருடம் வெளியே உட்கார்ந்தால் பெரும்பாலானோருக்கு அதோடு கதை முடிந்தது. அதாவது பலருக்கு நடைமுறையில் ஆயுள் தடை ஏற்கெனவே இருக்கிறது, பெயர்தான் வேறு.

ஆயுள் தடையில் எனக்குள்ள முதல் தயக்கம், தவறிப்போகும் வழக்குகள். ஆல்பர்ட்டோ கான்டடோர் 2010 டூரை ஜெயித்தபோது ஓய்வு நாளில் எடுத்த மாதிரியில் கிளென்புட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. எவ்வளவு? ஒரு மில்லி லிட்டரில் 50 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமை 2,000 கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அவர் மாட்டிறைச்சியால் வந்தது என்றார். எதிர்த்தரப்பு, ஏற்றிக்கொண்ட ரத்தத்திலிருந்து வந்தது என்றது. 2012 பிப்ரவரியில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் இரண்டையும் நம்பவில்லை. கலப்படமான சத்துப்பொருள் ஒன்றிலிருந்து வந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடத் தடை விதித்தது. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது என்பதுதான் விதி என்பதால் டூர் பட்டமும், இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜிரோவின் 2011 பட்டமும் போயின. இந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் நீதிபதிகளே கலப்படமாக இருக்கலாம் என்று நினைக்கும் வழக்கில் ஒருவரை வாழ்நாள் முழுக்க வெளியேற்ற யாருக்கு மனம் வரும்? வராது. தண்டனை பெரிதாக ஆக ஆக ஆதாரத்துக்கான கோடும் மேலே போகும். சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்கே கொடுத்து அனுப்பும் வழக்குகள் கூடும்.

பணமும் இதில் நுழைகிறது. சால்புட்டமால் என்ற ஆஸ்துமா மருந்தில், கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டிய இரண்டு வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் பிடிபட்ட டியேகோ உலிஸ்ஸிக்கு ஒன்பது மாதத் தடை. 2017இல் ஸ்பெயினின் சுற்றுப் பந்தயமான வுவெல்டாவில் கிறிஸ் ஃப்ரூமின் மாதிரியில் வந்த அளவு, பல மாத விசாரணைக்குப் பிறகு, விதிமீறல் இல்லை என்று 2018 ஜூலையில் முடிந்தது. ஃப்ரூம் தரப்பு சொன்ன அறிவியல் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அறிவியலை வரிசைகட்டி எடுத்துவைக்க நிபுணர்களும் வழக்கறிஞர்களும் வேண்டும், அதற்கு வசதி வேண்டும். முதல் தடவையே ஆயுள் என்றால் வசதி உள்ளவர் தப்புவதும் இல்லாதவர் மாட்டுவதும் இன்னும் மோசமாகும்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆயுள் தடை போட்ட பிறகு அந்த மனிதரிடம் கேட்டு வாங்க ஒன்றும் மிச்சமிருக்காது. யார் கொடுத்தார்கள், எங்கே வைத்து ஏற்றினார்கள், அணியில் யாருக்குத் தெரியும் என்று அவர் ஏன் சொல்ல வேண்டும்? சொல்வதால் அவருக்கு ஒரு நாள்கூட மிச்சமாகாது.

இந்த விளையாட்டின் பெரிய வழக்குகள் எப்படி வெடித்தன என்று பாருங்கள். 1998 ஜூலை 8ஆம் தேதி காலை, பெல்ஜியத்திலிருந்து பிரான்ஸுக்குள் நுழையும் ஒரு சிறிய சாலையில் சுங்க அதிகாரிகள் ஒரு காரை நிறுத்தினார்கள். ஓட்டி வந்தவர் வில்லி வோத், ஃபெஸ்டினா அணியில் வீரர்களுக்கு மசாஜ் செய்து, பணிவிடை பார்க்கும் ஆள். மூன்று நாளில் டப்ளினில் டூர் தொடங்கவிருந்தது. காரில் 400க்கும் மேற்பட்ட குப்பிகள்: ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் இபிஓ, வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், இன்னும் பல. முழு அணியும் டூரிலிருந்து வெளியேற்றப்பட்டது. அடுத்த வருடம் வாடா பிறந்ததே இந்த அதிர்ச்சியில்தான். அந்தக் குப்பிகள் போய்ச் சேர வேண்டிய வீரர்கள் அதுவரை எத்தனையோ சோதனைகளைத் தாண்டியவர்கள். ஓர் ஆய்வகமும் அவர்களைப் பிடிக்கவில்லை. ஓர் அதிகாரி காரைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான்.

2006இல் மாட்ரிட்டில் யூஃபெமியானோ ஃபுவென்டெஸ் என்ற மருத்துவரின் இடங்களில் 200க்கும் மேற்பட்ட ரத்தப் பைகள் கிடைத்தது போலீஸ் சோதனையால். 2019 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஸீஃபெல்டில் பனிச்சறுக்கு உலகப் போட்டியின் நடுவே, கையில் ஊசி குத்தியபடியே ஒரு வீரர் பிடிபட்டதும், அதிலிருந்து நூல் பிடித்து சைக்கிள் வீரர்கள் சிலர் மாட்டியதும், ஒரு பனிச்சறுக்கு வீரர் தொலைக்காட்சியில் மனம்விட்டுப் பேசியதால் தொடங்கிய விசாரணையில். ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கு? ஏழு டூர் பட்டம், வருடக்கணக்கில் சோதனை. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2012 அக்டோபரில் வெளியிட்ட ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணத்தின் முதுகெலும்பு 26 பேரின் சாட்சியம். அவர்களில் 11 பேர் அவருடைய பழைய அணித்தோழர்கள்.

அந்தத் தோழர்களில் ஜார்ஜ் ஹின்காப்பி, லீவை லைப்ஹைமர் உள்ளிட்ட சிலருக்கு ஆறு மாதத் தடைதான் விதிக்கப்பட்டது. பலருக்கு இது ஆத்திரத்தைக் கிளப்பியது. வருடக்கணக்கில் மருந்து எடுத்துச் சம்பாதித்தவர்களுக்கு ஒரு குளிர்கால ஓய்வா என்று கேட்டார்கள். எனக்கும் கசந்தது. ஆனாலும் அந்தப் பேரத்தை நான் ஆதரிக்கிறேன். அது இல்லையென்றால் ஏழு பட்டமும் இன்றும் அவர் பெயரில்தான் இருந்திருக்கும். அணி இயக்குநர் யோஹான் புருய்னீல், மருத்துவர் ஃபெராரி என்று ஒருவரும் மாட்டியிருக்க மாட்டார்கள்.

லாண்டிஸ் விஷயத்தில் பணமே பேச வைத்தது. அவரும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் முன்பு ஓடிய அணிக்கு ஸ்பான்சர் அமெரிக்க அஞ்சல் துறை. அரசுப் பணத்தை ஏமாற்றி வாங்கினார்கள் என்று, உள்விவரம் தெரிந்தவர் வழக்குப் போட அங்கே ஒரு சட்டம் இடம் கொடுக்கிறது. லாண்டிஸ் வழக்குப் போட்டார். 2018இல் ஆர்ம்ஸ்ட்ராங் 50 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டார், அதில் 11 லட்சம் லாண்டிஸுக்குப் போனது. ஏமாற்றியவரே உண்மை சொல்லிப் பணம் வாங்குவதா என்று முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இருட்டறைக்குள் இருந்தவர்தானே உள்ளே நடந்ததைச் சொல்ல முடியும்?

ஆய்வகம் ஏன் தனியே போதாது என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். இபிஓ என்பது சிறுநீரகம் கெட்டுப்போய் ரத்தசோகை வந்தவர்களுக்காகத் தயாரித்த மருந்து. சிவப்பணுக்களைப் பெருக்கும், அதனால் தசைக்கு ஆக்ஸிஜன் அதிகம் போகும். 1990களில் இதைக் கண்டுபிடிக்கச் சோதனையே கிடையாது. 1997இல் சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கமான யுசிஐ, ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் 15 நாளுக்கு எந்தப் பந்தயத்திலும் ஓடக் கூடாது என்று ஒரு கோடு போட்டது. நல்ல எண்ணத்தில் போட்ட கோடுதான். நடந்தது என்னவென்றால், வீரர்கள் ஹோட்டல் அறையிலேயே கையடக்கச் சுழற்றுக் கருவி வைத்துத் தங்கள் ரத்தத்தைத் தாங்களே அளந்து, 50ஐத் தொடாமல் அதன் அருகிலேயே நின்றார்கள். எல்லைக்கோடு இலக்காக மாறியது. கூடிவிட்டால் உப்புநீரை நரம்பில் ஏற்றி ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்தார்கள்.

2000இல் சிறுநீரில் இபிஓவைக் கண்டுபிடிக்கும் முறை வந்தது. உடனே அளவைக் குறைத்தார்கள். இரவு படுக்கும் முன் மிகச் சிறிய அளவை நேராக நரம்பில் போட்டுக்கொண்டால், விடிவதற்குள் சிறுநீரில் தடயம் ஏறக்குறைய போய்விடும். இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை சோதனைக்காரர்கள் கதவைத் தட்டுவதில்லை என்ற வழக்கம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. யுசிஐ அமைத்த சுயேச்சையான விசாரணைக் குழு 2015இல் கொடுத்த அறிக்கை இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி, இரவிலும் சோதனை வேண்டும் என்றது. வீரர் தூங்க வேண்டாமா என்று கேட்பார்கள். தகுந்த சந்தேகம் உள்ளவரின் கதவை மட்டும் தட்டினால் போதும்.

இதற்கிடையே 2008இல் வந்த உயிரியல் பாஸ்போர்ட்தான் ஆய்வகப் பக்கத்தில் நடந்த உண்மையான மாற்றம். மருந்தைத் தேடுவதற்குப் பதிலாக, ஒரே வீரரின் ரத்தத்தை வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று. இபிஓ போட்டால் இளம் அணுக்கள் கூடும். ரத்தம் ஏற்றிக்கொண்டால், உடம்பு இனி வேண்டாம் என்று உற்பத்தியைக் குறைக்கும், இளம் அணுக்கள் குறையும். எந்த மருந்து என்று தெரியாமலேயே, இந்த வளைவு இயற்கையில்லை என்று நிபுணர்கள் சொல்ல முடியும். ஆனால் இதுவும் நிகழ்தகவுக் கணக்கு. பின்னால் ஆயுள் தடை காத்திருந்தால், அந்தக் கையெழுத்தைப் போடும் நிபுணரின் கை இன்னும் கொஞ்சம் தயங்கும்.

அடுத்து, யாரைத் தண்டிக்கிறோம் என்பது. 24 வயதுப் பையன் ஒருவன், ஒரு வருட ஒப்பந்தத்தில் ஓடுகிறான். அணி மருத்துவரோ இயக்குநரோ தோளில் கை போட்டு, "எல்லாரும் செய்வதுதான், நீயும் தயாராக வேண்டாமா" என்கிறார். மறுத்தால் அடுத்த வருடம் வேலை இல்லை. பிடிபட்டால் நான்கு வருடம் அவனுக்கு. கை போட்டவர் அடுத்த பையனைத் தேடிப் போய்விடுவார். அவனை மட்டும் ஆயுளுக்கும் விரட்டினால் தொழிற்சாலையை விட்டுவிட்டு அதில் வேலை பார்த்தவனை மட்டும் பிடித்ததாக ஆகும்.

ஆயுள் தடை யாருக்கு வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: மருத்துவர், இயக்குநர், சரக்குக் கொண்டுவருபவர். ஃபெராரிக்கு 2012இல் வந்தது. புருய்னீலுக்கு முதலில் பத்து வருடம் விதித்து, 2018இல் நடுவர் நீதிமன்றம் அதை ஆயுளாக்கியது. சரியான முடிவு. ஸீஃபெல்ட் வழக்கில் ரத்தம் ஏற்றிய ஜெர்மன் மருத்துவர் மார்க் ஷ்மிட்டுக்கு மியூனிக் நீதிமன்றம் 2021 ஜனவரியில் நான்கு வருடம் பத்து மாதம் சிறை, 1,58,000 யூரோ அபராதம், மூன்று வருடம் மருத்துவம் பார்க்கத் தடை என்று தீர்ப்பளித்தது. மருத்துவர்களுக்கு உறைக்கும் தண்டனை அதுதான். விளையாட்டுச் சங்கம் போடும் தடை மைதானத்துக்குள் வராதே என்பதோடு நின்றுவிடும், வீட்டில் வைத்துத் தொழிலைத் தொடரலாம். அமெரிக்கா 2020 டிசம்பரில் கொண்டுவந்த ராட்சென்கோவ் சட்டம் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. சர்வதேசப் போட்டிகளில் ஊக்கமருந்துச் சதி செய்பவர்களுக்குப் பத்து வருடம் வரை சிறை, மருந்தை எடுத்த வீரருக்கு அந்தச் சட்டத்தில் சிறை கிடையாது. வீரரைச் சாட்சிக்கூண்டில் நிறுத்த அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அணிக்கும் வலிக்க வேண்டும். இப்போதுள்ள விதி: ஓர் அணியில் 12 மாதத்துக்குள் இரண்டு பேர் மாட்டினால் அணி 15 முதல் 45 நாள் வரை ஓட முடியாது. 2017 ஜிரோ தொடங்கும் முன்தினம் பார்டியானி அணியில் இருவர் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளுக்குப் பிடிபட்டார்கள். மீதி ஏழு பேரோடு அணி ஜிரோவை ஓடி முடித்தது. 30 நாள் தடை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த அணிக்கு வருடத்தின் மிகப் பெரிய பந்தயமே ஜிரோதான்! பெரிய பந்தயம் கைவிட்டுப் போகாத வரை இந்தத் தடையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தடை நாட்களை எண்ணிக்கொண்டிருக்காமல், அடுத்த பெரிய சுற்றுப் பந்தயத்துக்கு அந்த அணிக்கு அழைப்பில்லை என்று விதி வைத்தால் ஸ்பான்சரே அணி மருத்துவரைக் கேள்வி கேட்கத் தொடங்குவார். 2022இல் போர்ச்சுகலின் டபிள்யூ52 அணி மீது போலீஸ் நடவடிக்கை வந்து, வீரர்கள் பலர் மாட்டியபோது யுசிஐ உரிமத்தையே பறித்தது. அதுதான் வழி.

பணத்தைப் பிடித்துவைப்பது பற்றி எனக்கு ஓர் ஆசை உண்டு. 2007 டூருக்கு முன் யுசிஐ வீரர்களிடம், பிடிபட்டால் தடையோடு ஒரு வருடச் சம்பளத்தையும் கொடுப்பேன் என்று உறுதிமொழிக் கையெழுத்து வாங்கியது. அதே டூரில் வினோகுரோவ் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டதாகப் பிடிபட்டார். மஞ்சள் ஜெர்சியில் இருந்த ராஸ்முஸன், பந்தயத்துக்கு முன் தான் இருந்த இடம் பற்றிப் பொய் சொன்னதற்காக அவருடைய அணியாலேயே விலக்கப்பட்டார். கையில் வாங்கிச் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் வராது. அதனால் சம்பளத்திலும் பரிசிலும் ஒரு பங்கை முன்பே பிடித்து, பொது நிதியாக வைத்து, பத்து வருடம் கழித்து வட்டியோடு கொடுக்கலாம். சுத்தமாக ஓடியவருக்கு அது ஓய்வூதியம். ஏமாற்றியவருக்கு, தான் ஓய்வுபெற்ற பிறகும் கையைவிட்டுப் போகக்கூடிய பணம். இயக்குநர்களின் சம்பளத்திலும் இதே பிடித்தம் இருக்க வேண்டும்.

ஏன் பத்து வருடம்? பழைய மாதிரிகளை உறைய வைத்து மறுபடி சோதிக்க வாடா விதி அனுமதிக்கும் காலம் அது. 2008 டூரில் மூன்றாம் இடமும் மலையரசன் ஜெர்சியும் வாங்கிய பெர்ன்ஹார்ட் கோல் பாரிஸில் மேடையேறிக் கொண்டாடினார். பிறகு அதே மாதிரிகளை, செரா என்ற புதிய வகை இபிஓவுக்காக மறுபடி சோதித்தபோது மாட்டினார். இந்த ஒரு கருவிக்கு ஆயுள் தடையைவிட மிரட்டும் சக்தி உண்டு. இன்றைக்கு உன்னைக் கண்டுபிடிக்க முடியாமல் இருக்கலாம், ஆனால் உன் சிறுநீர் ஒரு பெட்டியில் இருக்கிறது, ஏழு வருடம் கழித்து ஒரு புதிய கருவி வரும் என்று வீரருக்குத் தெரிந்தால் கணக்கே மாறும். புதிய சோதனைகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை இந்தப் பெட்டிகளுக்குக் கொடுக்கலாம்.

மோட்டார் ஒளித்த சைக்கிள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜனவரியில் ஸோல்டரில் நடந்த, சேறும் மேடுமான பாதையில் ஓட்டும் சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில், ஃபெம்கே வான் டென் டிரீஷ் என்ற வீராங்கனைக்காக வைத்திருந்த சைக்கிளின் குழாய்க்குள் மோட்டார் இருந்தது. ஆறு வருடத் தடை, 20,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். அங்கே கலப்படம், தவறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஒரு குற்றத்துக்கு ஆயுள் தடை என்றால் நான் எதிர்க்க மாட்டேன்.

காவல்காரரே கூட்டாளி ஆகாமல் இருப்பதும் முக்கியம். ஆர்ம்ஸ்ட்ராங் யுசிஐக்கே 1,00,000 டாலருக்கும் மேல் நன்கொடை கொடுத்திருந்தார், சங்கமும் வாங்கிக்கொண்டது. 1999இல் அவர் மாதிரியில் கார்ட்டிகோஸ்டீராய்டு என்ற மருந்து வந்தபோது, பின்தேதியிட்ட மருந்துச்சீட்டை ஏற்றுக்கொண்டார்கள். பந்தயத்தை விற்று வாழும் சங்கமே அதன் மானத்தைக் கெடுக்கும் விசாரணையையும் நடத்தினால் இப்படித்தான் ஆகும். 2021 முதல் சைக்கிள் பந்தயச் சோதனைகளைச் சர்வதேச சோதனை முகமை என்ற தனி அமைப்பு நடத்துகிறது. நல்ல திருப்பம்.

இனி, பேசுகிறவரைக் காப்பாற்றுவது. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யோர்க் யாக்ஷே என்ற ஜெர்மானியர், ஃபுவென்டெஸிடம் ரத்தம் எடுத்ததை 2007இல் தானே வெளிப்படையாகச் சொன்னார், விசாரணைக்கும் உதவினார். தடை குறைக்கப்பட்டது. ஆனால் அதன் பிறகு ஓர் அணியும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. அலெஹான்ட்ரோ வால்வெர்டே கடைசி வரை மறுத்தார். 2008 டூர் இத்தாலிக்குள் நுழைந்தபோது எடுத்த ரத்தத்தை, ஃபுவென்டெஸின் 18ஆம் எண் பையோடு இத்தாலிய அதிகாரிகள் மரபணுச் சோதனையில் பொருத்திக் காட்டினார்கள். இரண்டு வருடத் தடை முடித்து, தன் பழைய அணிக்கே திரும்பினார். 2018இல் இன்ஸ்ப்ருக்கில் உலகச் சாம்பியன் ஆனார். தடைக்காலத்தை அனுபவித்தவர் திரும்பி வந்து ஜெயிப்பதில் விதிப்படி தவறில்லை. ஆனால் இந்த இரண்டு கதைகளையும் கேட்டு வளரும் இளம் வீரர், நாளை பிடிபட்டால் என்ன செய்வார்?

இப்போதைய விதியில் கணிசமாக உதவி செய்பவருக்குத் தடையில் முக்கால் பங்கு வரை நிறுத்திவைக்கலாம். 2021 முதல், தகவல் சொல்பவரை மிரட்டுவதும் பழிவாங்குவதும் தனிக் குற்றம். உதட்டில் ஜிப் இழுத்துக் காட்டியது இன்று நடந்தால் விசாரணைக்கு உரிய விஷயம். ஆனால் வேலை கொடுக்காமல் ஒதுக்குவதை இந்த விதி தொட முடியாது. அதற்கு யுசிஐதான் ஏதாவது செய்ய வேண்டும். சாட்சி சொன்னவர் தடை முடிந்து திரும்பும்போது இரண்டு வருடத்துக்காவது குறைந்தபட்சச் சம்பளத்தை அந்தப் பொது நிதியிலிருந்து கொடுத்து, அவரை எடுக்கும் அணிக்குச் செலவில்லாமல் செய்யலாம். கெட்டுப்போனவருக்குச் சலுகையா என்ற குரல் வரும். சுத்தமாக ஓடி வேலை இழந்தவர்களுக்கு முதலில் கொடுங்கள் என்பார்கள். அது நியாயமான குரல். ஃபெஸ்டினா அணியிலேயே மருந்து தொடாமல் இருந்த கிறிஸ்டோஃப் பாசோன்ஸ், 1999 டூரில் பத்திரிகையில் உண்மையை எழுதியதால், ஆர்ம்ஸ்ட்ராங்கே பக்கத்தில் வந்து வெளியே போகச் சொல்லும் அளவுக்கு ஒதுக்கப்பட்டு, பாதியில் டூரை விட்டுப் போனார். அவருக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. நிதி வந்தால் வரிசையில் முதல் ஆள் அவர் போன்றவர்தான் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

கடைசியாகக் காலக்கெடு. ஃபுவென்டெஸின் பைகளை அழிக்கச் சொல்லி 2013இல் மாட்ரிட் நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் 2016 ஜூனில் ஃபுவென்டெஸ் விடுவிக்கப்பட்டார், பைகளை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புகளிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். போலீஸ் அவற்றைக் கைப்பற்றியது 2006 மே மாதம். வழக்குப் போட வாடா விதி கொடுக்கும் பத்து வருடம் சில வாரங்களுக்கு முன்புதான் முடிந்திருந்தது. பைகள் கைக்கு வந்தன, தண்டிக்க வழியில்லை. ஆதாரம் நீதிமன்றத்தில் பூட்டிக்கிடக்கும் காலத்தை அந்தப் பத்து வருடத்தில் சேர்க்கக் கூடாது. மருத்துவருக்கும் இயக்குநருக்கும் கெடுவே வேண்டாம். இந்த இரண்டு வரிகளையும் விதித்தொகுப்பில் சேர்த்தால், முதல் தடவையே ஆயுள் தடை என்பதைவிட அதிகப் பேர் இரவில் தூக்கமில்லாமல் கிடப்பார்கள்.